உடலில் தேங்கும் செம்பு

கொங்கு நாட்டில் செம்பும் பித்தளையும் இல்லாத பழைய வீட்டைக் காண்பது அரிது. மணமகளுடன் செல்லும் சீர்வரிசையில் அண்டாவும் குடமும் போசியும் அடுக்கடுக்காக இடம் பெற்றிருந்தன. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் என்ற ஊரே செம்பு, பித்தளைப் பாத்திரத் தொழிலால் பெயர் பெற்றது. இவ்வாறு வீட்டில் நாள்தோறும் கையாளும் இவ்வுலோகம் நம் உடலின் உள்ளேயும் இருக்கிறது என்று சொன்னால் மாணவர் சிலர் வியப்படையக்கூடும். ஆயினும் அது உண்மை. வளர்ந்த மனிதர் ஒருவர் உடலில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் செம்பு உண்டு. நான்கைந்து நெல்மணிகளின் எடைதான் அது.

அளவு சிறிதெனினும் அதன் பணி பெரிது. உண்ட உணவிலுள்ள இரும்பைக் குருதி பயன்படுத்திக்கொள்வதற்குச் செம்பு வேண்டும். உயிரணுக்கள் ஆற்றலைப் பெறுவதற்கு வேண்டும். தோலுக்கும் முடிக்கும் நிறம் ஊட்டுவதற்கும், எலும்பையும் குருதிக் குழாய்களையும் உறுதிப்படுத்துவதற்கும், நரம்புகள் செவ்வனே இயங்குவதற்கும் வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவே நமக்குத் தேவை. நாம் உண்ணும் தானியமும் பருப்பும் கொட்டைகளும் அதனை எளிதில் தந்துவிடுகின்றன. பெரும்பாலும் தேவைக்குச் சற்று மிகுதியாகவே தருகின்றன. அந்த மிகுதியை என்ன செய்வது என்பதுதான் உடலின் முன் நிற்கும் வினா. அவ்வினாவுக்கு விடை காண இயலாத உடலில் தோன்றும் நோயைப் பற்றியே இங்கே கூற விரும்புகிறேன். அதற்கு வில்சன் நோய் என்று பெயர்.

கோவையைச் சுற்றி நொய்யல் ஆற்று நீரால் நிரம்பும் குளங்கள் பல உள்ளன. குளத்திற்கு நீரைக் கொண்டுவருவது வாய்க்கால். வேண்டிய அளவு நீரை வயலுக்கு அனுப்புவது மதகு. நிரம்பி மிஞ்சிய நீரை வெளியேற்றுவது கலிங்கு. நம் கல்லீரலையும் இத்தகைய குளமாக எண்ணிக்கொள்ளலாம். குடலில் உறிஞ்சப்பட்ட செம்பு, குருதியாகிய வாய்க்கால் வழியே கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதில் ஒரு பகுதியைச் செரூலோபிளாஸ்மின் என்னும் நீல நிறப் புரதத்துடன் சேர்த்து உடலுக்குள் அனுப்புகிறது; குருதி நீரில் ஓடும் செம்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இப்புரதத்தில்தான் இருக்கிறது. இது மதகு. எஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீருடன் கலந்து குடலுக்கு அனுப்பி, மலத்தின் வழியே வெளியேற்றிவிடுகிறது. இது கலிங்கு.

மதகைத் திறப்பதும் கலிங்கைத் துப்புரவாக வைத்திருப்பதும் ஒரே காவலாளின் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலைக்கு வராமற்போனால் என்ன நேரும்? வயலுக்கும் நீர் செல்லாது; மிகைநீரும் வெளியேறாது; வாய்க்காலோ நாள்தோறும் நீரைக் கொண்டுவந்து கொட்டும். குளம் ததும்பும், கரை அரிக்கப்படும், ஒருநாள் உடையும். கல்லீரலில் இவ்விரு வேலைகளையும் செய்யும் காவலாள் ஒரு புரதம். அப்புரதத்தை ஆக்கும் மரபணு நம் 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு ஏ.டி.பி.7பி என்பது பெயர். 1993-ஆம் ஆண்டில் அறிவியலார் அதனைக் கண்டறிந்தனர். அது பழுதுற்றால் செம்பு முதலில் கல்லீரலில் தேங்குகிறது; பின்னர்க் கரை உடைந்தாற்போல் குருதியில் கலந்து மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் எலும்பு மூட்டுகளிலும் சென்று படிகிறது.

இவ்வளவும் விளங்குவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1902-இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவரும், 1903-இல் பிளைஷர் என்பவரும், சில நோயாளிகளின் கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் ஒன்றைக் கண்டு எழுதினர். அது செம்புப் படிவு என்று அன்று அவர்கள் அறியார். 1912-இல் லண்டனில் பணியாற்றிய கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர், இளைஞர்களைத் தாக்கும் ஒரு நோயை விரிவாக விளக்கினார். கைகால் நடுக்கமும் விறைப்பும் அதில் தோன்றின; பேச்சுக் குழறிற்று; உயிர் நீத்தபின் ஆராய்ந்தால் கல்லீரல் சுருங்கிக் கரடுமுரடாக இருந்தது. மூளை நோய்க்கும் கல்லீரல் நோய்க்கும் உள்ள உறவை அவர் தெளிவாகக் காட்டியதால் நோய் அவர் பெயரைப் பெற்றது.

அத்தகைய அறிஞரும் ஒன்றை விளங்கிக்கொள்ளவில்லை. உடன்பிறந்தார் இருவர் மூவருக்கு இந்நோய் வருவதை அவர் கண்டார். ஆனால் பெற்றோர் நலமாக இருந்தமையால், இது குடும்பத்தில் தோன்றுவதாயினும் பரம்பரையாக வருவதன்று என்று கருதினார். இன்றும் நம் ஊர்களில் பலர் இவ்வாறே எண்ணுகின்றனர். 'அப்பனுக்கும் இல்லை, ஆத்தாளுக்கும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் பரம்பரை நோய் எங்கிருந்து வரும்?' என்று கேட்கின்றனர். இவ்வினாவுக்கு விடை பின்னே வருகிறது. 1948-இல் கமிங்ஸ் என்பவர் நோயாளிகளின் மூளையிலும் கல்லீரலிலும் செம்பு மிகுந்திருப்பதை உறுதிப்படுத்தினார். 1952-இல் ஷைன்பெர்க், கிட்லின் என்னும் இருவர் நோயாளிகளின் குருதியில் செரூலோபிளாஸ்மின் குறைந்திருப்பதைக் காட்டினர். புதிர் இவ்வாறு சிறிது சிறிதாக அவிழ்ந்தது.

நோயின் குறிகளை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் இது பெரும்பாலும் மாணவப் பருவத்திலேயே தலைகாட்டும் நோய். பிறவியிலேயே பழுது இருப்பினும், செம்பு தேங்குவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஐந்து வயதிற்குமுன் குறிகள் தோன்றுவது அரிது. பள்ளிச் சிறுவர்களிடம் நோய் பெரும்பாலும் கல்லீரலில் தொடங்குகிறது. மஞ்சட்காமாலை வந்து வந்து போகும், வயிறு வீங்கும், காலில் நீர் கோக்கும், சிலருக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழந்து உயிருக்கே இடர் நேரும். காமாலை என்றவுடன் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு அமைதியடைவது நம் வழக்கம். இளம்பிள்ளைக்குக் காமாலை மீண்டும் மீண்டும் வருமாயின் அவ்வளவில் நின்றுவிடலாகாது.

பதின்மூன்று, பதினான்கு வயதிற்குமேல் நோய் மூளையில் தலைகாட்டுவது மிகுதி. முத்துப்போல் எழுதிய மாணவனின் கையெழுத்துக் கோணலாகிறது, எழுத்துகள் சிறுத்துப்போகின்றன. பேச்சு தெளிவிழக்கிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும் கை நடுங்குகிறது. அமைதியான பிள்ளை சிடுசிடுக்கிறான், காரணமின்றி அழுகிறான் அல்லது சிரிக்கிறான், மதிப்பெண் குறைகிறது. வீட்டார் சோம்பல் என்கின்றனர்; ஆசிரியர் அக்கறையின்மை என்கிறார்; அயலார் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கச் சொல்கின்றனர். உண்மையில் குற்றம் பிள்ளையுடையதன்று. மூளையின் அடிப்பகுதியில் படிந்த செம்பினுடையது. இத்தகைய மாணவனைத் தண்டிப்பதில் கழியும் ஒவ்வொரு மாதமும் அவன் மூளைக்கு இழப்பு.

நம் நாட்டில் இந்நோய் இல்லை என்று எவரும் எண்ண வேண்டா. 1968-இல் பம்பாயைச் சேர்ந்த தஸ்தூர், வாடியா முதலியோர் இந்தியக் குடும்பங்களில் இந்நோயை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிலையத்து மருத்துவர்கள், முப்பது ஆண்டுகளில் தாம் கண்ட 282 நோயாளிகளைப் பற்றி 2007-இல் எழுதினர். அவர்களுள் பெரும்பாலோர் நரம்புக் குறிகளுடன் வந்தவர்கள். சிலர் மூட்டு வலியுடனும் வளைந்த எலும்புகளுடனும் வந்தனர். எலும்பு நோய் என்று எண்ணி நாள் கடத்தப்படுவோரும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

நோயை அறியும் வழிகள் அரியவை அல்ல. கண் மருத்துவர் உருப்பெருக்கும் கருவியால் கருவிழியை ஆராய்ந்து, முன்னே சொன்ன வளையம் உண்டா எனப் பார்க்கிறார். மூளை தாக்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் இவ்வளையம் காணப்படும். கல்லீரல் மட்டும் தாக்கப்பட்டவர்களிடம் பாதிப்பேருக்கு இல்லாமலும் இருக்கும். ஆகவே வளையம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது. குருதியில் செரூலோபிளாஸ்மினை அளப்பர். ஒரு நாள் முழுவதும் கழிந்த சிறுநீரைச் சேர்த்து அதிலுள்ள செம்பை அளப்பர். வேண்டுமாயின் கல்லீரலில் ஒரு துணுக்கை எடுத்து ஆராய்வர். உலர்ந்த கல்லீரல் ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டிய செம்பு, நோயாளிகளிடம் பெரும்பாலும் 250-க்கு மேல் இருக்கும். இன்று மரபணுவையே படித்துப் பார்க்கவும் இயலும்.

இனி, நலமுள்ள பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காண்போம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. இரண்டில் ஒன்று பழுதாயினும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். அத்தகையவர் நோயாளி அல்லர். பழுதை அறியாமல் சுமப்பவர். உலக அளவில் ஏறக்குறைய 90 பேரில் ஒருவர் இப்படிச் சுமக்கிறார் என்பர். சுமப்பவர் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதான படிகளும் சேர்ந்து நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. 90-ஐ 90-ஆல் பெருக்கி, மீண்டும் 4-ஆல் பெருக்கினால் 32,400 வரும். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் என்று நூல்கள் கூறுவது இக்கணக்கோடு ஒத்திருக்கிறது.

இக்கணக்கு உறவல்லாதார் மணந்துகொள்ளும்போது பொருந்துவது. நம் நாட்டு வழக்கமோ வேறு. மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் உரிமைப் பெண் என்கிறோம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூற்றுக்கு 28 பேர் உறவிலேயே மணந்தவர்கள்.

இதைப்பற்றி எங்கள் சரவணம்பட்டியில் நான் பேசிக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் குறுக்கிட்டார். "ஏனுங்க தம்பி, நம்ம கூட்டத்துக்குள்ள நாம பொண்ணு எடுக்கறதே இல்லீங்களே! பங்காளி மொறை ஆச்சுங்களே! அப்பறம் எப்படி ஒரே ரத்தம் ஆகுமுங்க?" என்று கேட்டார். அறிவுடைய வினா அது. கொங்கு வேளாளரிடையே ஒரே கூட்டத்தார் தம்முள் மணப்பதில்லை. ஆயின் கூட்டம் என்பது தந்தை வழியாக மட்டும் எண்ணப்படுவது. மரபணுவோ தந்தை வழியையும் தாய் வழியையும் ஒன்றுபோலவே மதிக்கிறது. மாமன் வேறு கூட்டத்தார்தாம். எனினும் அவரும் நம் தாயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே மாமன் மகளுக்கும் நமக்கும் தாத்தாவும் பாட்டியும் பொது. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளியைவிட மாமன் மகளே குருதியில் மிக நெருங்கியவள்.

அப்பொதுத் தாத்தா பழுதைச் சுமந்தவராயின், அது பேரனிடம் வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. பேத்தியிடம் வந்திருக்கவும் நான்கில் ஒரு வாய்ப்பு. இருவரிடமும் சேர வந்திருக்கப் பதினாறில் ஒன்று. அவர்கள் மணந்தால் பிள்ளைக்கு நோய் வர அறுபத்துநான்கில் ஒன்று. குடும்பத்தில் நோய் இருப்பது தெரியாத நிலையிலும், 90-இல் ஒருவர் சுமக்கிறார் என்னும் அதே கணக்கை வைத்துப் பார்த்தால், மாமன் மகளை மணந்தவர் பிள்ளைக்கு ஏறக்குறைய 2,700-இல் ஒரு வாய்ப்பும், அக்காள் மகளை மணந்தவர் பிள்ளைக்கு ஏறக்குறைய 1,400-இல் ஒரு வாய்ப்பும் என வருகிறது. தனித்தனி வீட்டுக்கு இது சிறிய எண்தான். உறவில் மணந்த எல்லோர் வீட்டிலும் நோய் வரும் என்று அஞ்சுதல் தவறு. ஆனால் உறவல்லாதார் மணத்தோடு ஒப்பிட, முன்னது பன்னிரண்டு மடங்கு. பின்னது இருபது மடங்குக்கும் மேல்.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். பிள்ளைக்கு நோய் என்றவுடன், 'பெண் கொண்டுவந்த நோய்' என்று மருமகளைப் பழிக்கும் வீடுகள் உண்டு. அறிவியல் இப்பழியை ஏற்பதில்லை. பழுதான படிகளில் ஒன்றைத் தாய் தந்திருந்தால் மற்றொன்றைத் தந்தை தந்தே இருக்க வேண்டும். இருவர் பங்கும் சமம். இருவரும் அறியாமல் தந்தவர்கள்.

இனி மகிழ்ச்சியான பகுதிக்கு வருவோம். பரம்பரை நோய்கள் பலவற்றுக்கு மருந்தில்லை, இதற்கு உண்டு. வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர், பெனிசிலின் உட்கொண்டவர்களின் சிறுநீரில் பெனிசிலமைன் என்னும் பொருள் வெளிவருவதை முன்பே கண்டிருந்தார். 1955-இல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் வில்சன் நோயாளி ஒருவரைப் பார்த்தபோது, அப்பொருளின் வேதியியல் அமைப்பு செம்பைப் பற்றி வெளியேற்றக் கூடியது என்பது அவர் நினைவில் பளிச்சிட்டது. முதலில் தாமே அதை உட்கொண்டு, கேடில்லை எனக் கண்டபின் நோயாளிக்குக் கொடுத்தார். சிறுநீரில் செம்பு மிகுதியாக வெளியேறிற்று. 1956-இல் அவர் இதனை வெளியிட்டார். அதுவரை மரணத் தீர்ப்பாக இருந்த நோய், அன்றுமுதல் மருந்தால் அடங்கும் நோயாயிற்று.

பெனிசிலமைன் ஒவ்வாதவர்க்கு டிரையென்டின் என்னும் மருந்தை வால்ஷே பின்னர்ப் பயன்படுத்தினார். துத்தநாக உப்பும் ஒரு மருந்து. அது குடலின் உட்சுவர் அணுக்களில் ஒரு புரதத்தைப் பெருக்குகிறது. அப்புரதம் உணவுச் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த அணுக்கள் சில நாட்களில் உதிரும்போது செம்பும் உடன் கழிந்துவிடுகிறது. நம் குளத்தை மீண்டும் நினைத்துக்கொண்டால், பெனிசிலமைன் கவலை பூட்டி நீரை இறைப்பது போன்றது. துத்தநாகம் வாய்க்காலை அடைப்பது போன்றது. கல்லீரல் முற்றும் சிதைந்தவர்க்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தும் அறுவையும் உண்டு. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் சிலருக்கு நரம்புக் குறிகள் மிகுவதும், பக்க விளைவுகள் தோன்றுவதும் உண்டு. உணவில் ஈரல், நத்தை சிப்பி வகைகள், கொட்டைகள், சாக்லேட்டு, காளான் ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வர்.

மருந்து வாழ்நாள் முழுவதும் வேண்டும். இதுவே பலர் இடறி விழும் இடம். ஈராண்டு மருந்துண்டு நடுக்கம் நீங்கிக் கல்லூரிக்குச் செல்லும் இளைஞன், 'எனக்குத்தான் நலமாகிவிட்டதே' என்று நிறுத்திவிடுகிறான். கலிங்கு இன்னும் அடைபட்டே இருக்கிறது. நீர் மீண்டும் ஏறுகிறது. நிறுத்தியவர்களுள் சிலர் ஓரிரு ஆண்டுகளுக்குள் கல்லீரல் செயலிழந்து இறக்கின்றனர். ஒழுங்காக மருந்துண்பவர்களோ படிக்கலாம், உழைக்கலாம், மணம் செய்துகொள்ளலாம், மக்களைப் பெறலாம்.

'செம்புச் சொம்பில் நீர் குடிப்பதால் இந்நோய் வருமா?' என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. வில்சன் நோய் பாத்திரத்தால் வருவதன்று. எனினும் நோயாளி செம்புப் பாத்திரத்தில் வைத்த நீரையும் உணவையும் விலக்க வேண்டும். பாத்திரத்தால் வந்த நோய் வேறொன்று உண்டு. இந்தியக் குழந்தைகளின் கல்லீரல் இறுக்க நோய் என்று மருத்துவ உலகம் அதனை வழங்கிற்று. 1887-இல் கல்கத்தாவில் சென் என்பவர் அதைப் பற்றி முதன்முதலில் எழுதினார். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரையுள்ள குழந்தைகளின் வயிறு வீங்கி, கல்லீரல் கல்லாகி, பெரும்பாலோர் மடிந்தனர். ஒரே வீட்டில் குழந்தைகள் பலர் இறந்ததும் உண்டு.

1983-இல் டானர் என்ற ஆங்கில மருத்துவரும், பூனாவைச் சேர்ந்த ஷீலா பவே, ஆனந்த் பண்டிட் முதலியோரும் காரணத்தைச் சுட்டிக் காட்டினர். தாய்ப்பாலை விரைவில் நிறுத்தி, ஈயம் பூசாத பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் பசும்பாலைக் காய்ச்சி வைத்துக் குழந்தைக்கு ஊட்டியதே அது. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் பாத்திரத்துச் செம்பைத் தன்னுடன் பிணைத்துக்கொள்கிறது. அப்பால் பச்சிளங்குழந்தையின் கல்லீரலைப் பாழாக்கிற்று. பிற்காலத்தில் எவர்சில்வர் பரவியதும், தாய்ப்பாலின் உயர்வு உணரப்பட்டதும் நோய் அருகிப்போயிற்று. ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டிலும் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இத்தகைய நோய்க்கு ஆளாயினர் என்றும், அங்கும் செம்புப் பாத்திரமே காரணமாக இருந்தது என்றும் 1996-இல் வெளியான ஆய்வு கூறியது. தெருத்தெருவாக ஈயம் பூச வந்தவரை நம் முன்னோர் வரவேற்றதில் எத்துணை நன்மை இருந்தது என்பது இப்போது விளங்குகிறதன்றோ? பாலையும் மோரையும் புளி சேர்ந்த குழம்பையும் வெறும் செம்பிலோ பித்தளையிலோ வைத்தல் கூடாது என்பது நலமுள்ளவர்க்கும் உரிய விதி.

ஒரு குடத்தில் இருந்து வந்த செம்பும், ஒரு மரபணுவின் பிழையால் தங்கிய செம்பும் ஒரே உறுப்பையே கெடுத்தன. முன்னதைப் பாத்திரத்தை மாற்றி வென்றோம். பின்னதை வெல்ல விழிப்பு வேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கு வில்சன் நோய் என்று உறுதியானால், அவருடைய உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் அந்நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர்கள் இன்று ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கலாம். குறி தோன்றுமுன் கண்டு மருந்தைத் தொடங்கினால், அக்குறி தோன்றாமலே தடுத்துவிட முடியும். நோயுற்ற அண்ணனைக் கட்டிலில் கிடத்தி மருத்துவரிடம் காட்டும் வீட்டார், வாசலில் விளையாடும் தங்கையையும் அன்றே அழைத்துச் சென்று சோதித்துவிட வேண்டும்.